மோட்டாரும் ரேடியோவும் செய்த கோவை மேதை ஜி. டி. நாயுடு

வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பெரியவர்களிடம் வசவு வாங்கிய பையன்கள் எல்லா ஊரிலும் உண்டு. பிரிப்பது சுலபம். திருப்புளி ஒன்று கையில் கிடைத்தால் போதும். மறுபடியும் பூட்டி ஓட வைப்பதுதான் கஷ்டம். பூட்டி முடித்த பிறகு இரண்டு திருகாணிகள் மிச்சமிருக்கும், கடிகாரம் ஓடாது. அத்தோடு பெரும்பாலான பையன்கள் அந்த ஆசையை விட்டுவிடுவார்கள்.

கோவை ஜில்லாவில் பிறந்த ஒரு பையன் மட்டும் அந்த ஆசையை விடவே இல்லை. ஆரம்பப் பள்ளிப் படிப்புக்கு மேல் அவர் படிக்கவில்லை. ஆனால் பஸ் கம்பெனி முதலாளியானார். மின்சார மோட்டார் செய்தார். ரேடியோ செய்தார். முகச் சவரக் கருவி செய்தார். கார் செய்தார். என்ஜினீயரிங் கல்லூரி ஒன்று உண்டாகக் காரணமாக இருந்தார். அவர்தான் கோபால்சாமி துரைசாமி நாயுடு என்ற ஜி. டி. நாயுடு.

கலங்கல் கிராமத்துப் பையன்

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, சூலூரை அடுத்து, கலங்கல் என்ற சிறு கிராமம் இருக்கிறது. அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி நாயுடு பிறந்தார். குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார்.

பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. மனப்பாடம் செய்வதும் ஒப்பிப்பதும் அவருக்கு வேப்பங்காய். அடிக்க வந்த வாத்தியாரின் கண்ணில் மண்ணை வாரித் தூவிவிட்டு ஓடினார் என்று அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. படிப்பு அத்துடன் முடிந்தது. தோட்ட வேலை ஆரம்பமாயிற்று. ஆனால் புத்தகத்தின் மீது அவருக்குப் பகை இல்லை. தம் விருப்பப்படி, தமக்கு வேண்டியதைத் தேடித் தேடிப் படித்தார். பிற்காலத்தில் யந்திர நூல்களைப் படித்து விவாதிக்கும் அளவுக்கு இங்கிலீஷும் கற்றுக்கொண்டார்.

முந்நூறு ரூபாய் மோட்டார் சைக்கிள்

அந்த நாளில் கிராமத்துப் பக்கம் மோட்டார் வண்டி வந்தால் ஊரே கூடிவிடும். ஒரு சமயம் வெள்ளைக்கார ரெவினியூ உத்தியோகஸ்தர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். இங்கிலாந்தில் செய்த ரட்ஜ் என்ற வண்டி அது. மாடும் இல்லை, மிதிக்கவும் இல்லை. வண்டி மட்டும் ஓடுகிறது. மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வாலிபர் துரைசாமிக்கோ தூக்கம் போயிற்று. அப்படி ஒரு வண்டி தமக்கு வேண்டும் என்று தீர்மானித்தார்.

கையில் பணம் இல்லை. கோயம்புத்தூருக்கு வந்து ஓட்டல் ஒன்றில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். முந்நூறு ரூபாய்க்கு அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். அக்காலத்தில் முந்நூறு ரூபாய் என்பது ஏழைத் தொழிலாளிக்குப் பெரிய தொகை.

வாங்கிய வண்டியில் ஏறி ஊரைச் சுற்றி வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தார். எந்த உறுப்பு எதைத் தள்ளுகிறது, எது எதை இழுக்கிறது என்று பார்த்தார். மறுபடியும் பூட்டினார். வண்டி ஓடியது. அவருடைய என்ஜினீயரிங் காலேஜ் அந்த ஒரு மோட்டார் சைக்கிள்தான்.

பஞ்சும் பஸ்ஸும்

கொங்கு நாட்டில் பிறந்தவருக்குப் பஞ்சு வியாபாரம் பழகாமல் இருக்குமா? முதல் உலக யுத்த காலத்தில் நாயுடு பஞ்சில் நல்ல லாபம் பார்த்தார். பம்பாய்ப் பஞ்சுச் சந்தையில் இறங்கி, சேர்த்ததை எல்லாம் இழந்தார். வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

கோவையில் அப்போது ஸ்டேன்ஸ் குடும்பத்தார் பெரிய தொழில் அதிபர்கள். ஆலைகளும், காப்பித் தொழிலும், மோட்டார் வியாபாரமும் அவர்களிடம் இருந்தன. சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் இந்த வாலிபரின் கைத்திறனைக் கண்டு உதவி செய்தார். 1920-ல் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார். தைப்பூசத்துக்குக் கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் ஜனங்கள் போன பாதை அது. பஸ்ஸுக்குக் கூட்டம் சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஒரு பஸ் பல பஸ்களாயிற்று. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு. எம். எஸ்., என்ற கம்பெனி பிறந்தது. அந்த மூன்று எழுத்தைத் தெரியாதவர்கள் கோவை ஜில்லாவில் அந்தக் காலத்தில் இல்லை. பஸ் குறித்த நேரத்தில் கிளம்ப வேண்டும், குறித்த நேரத்தில் சேர வேண்டும் என்பதில் நாயுடு கண்டிப்பாக இருந்தார். நடுவழியில் பஸ் நின்றால் அவருக்கு அது மானப் பிரச்னை. ஆகவே வண்டி கெட்ட பிறகு பழுது பார்ப்பதைவிட, கெடும் முன்பே கண்டுபிடிக்க வழி தேடினார். என்ஜின் அதிர்வைச் சோதிக்கும் கருவி, டிக்கெட் கொடுக்கும் யந்திரம் என்று அவருடைய பட்டறையில் ஒன்றன்பின் ஒன்றாக உருவாயின. தமக்கு எது தேவையோ அதைச் செய்து பார்த்துக்கொள்வது அவர் வழக்கம். அவருடைய கண்டுபிடிப்புகளில் பல இப்படித் தொழில் நெருக்கடியில் பிறந்தவையே.

மின்சாரம் வந்தது

நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் 1932-ல் வேலை செய்யத் தொடங்கியது. கோவைச் சமவெளிக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. கொங்கு நாட்டின் தலையெழுத்தையே மாற்றிய சம்பவம் அது.

இந்தப் பக்கத்துக் கிணறுகள் ஆழமானவை. பாறையைக் குடைந்து வெட்டியவை. கவலை மாடுகளைப் பூட்டி, சாலில் தண்ணீர் இறைத்து, விடியற்காலையிலிருந்து பாடுபட்டால்தான் சில பாத்திகள் நனையும். மின்சார மோட்டாரும் பம்பும் இருந்தால் பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் மோட்டார்கள் சீமையிலிருந்து வந்தன. விலையும் அதிகம், பழுதானால் உதிரி உறுப்பும் கிடைக்காது.

டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தக் குறையை நீக்க ஜி. டி. நாயுடு முனைந்தார். பீளமேட்டில் இருந்த நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸில் 1937-ல் மின்சார மோட்டார் ஒன்று தயாராயிற்று. இந்தியாவில் செய்த முதல் மின்சார மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். பாலசுந்தரம் நாயுடு பின்னர் டெக்ஸ்டூல் கம்பெனியை ஏற்படுத்தி, நூல் ஆலை யந்திரங்கள் செய்து பெயர் பெற்றார். பீளமேட்டிலும் கணபதியிலும் தெருவுக்குத் தெரு வார்ப்படக் கூடங்களும், கடைசல் பட்டறைகளும், காயில் சுற்றும் கடைகளும் ஏற்பட்டன. கோவை பம்ப்செட் நாடெங்கும் போயிற்று. இத்தனைக்கும் ஆரம்பத்தில் நின்றவர்களில் நாயுடு ஒருவர்.

எழுபது ரூபாய் ரேடியோ

சென்னையில் அகில இந்திய ரேடியோ நிலையம் 1938-ம் ஆண்டு ஜூன் மாதத்திலும், திருச்சியில் 1939-ம் ஆண்டு மே மாதத்திலும் தொடங்கின. பாட்டுக் கேட்கவும், யுத்தச் செய்தி கேட்கவும் ஜனங்களுக்கு ஆவல். ஆனால் ரேடியோப் பெட்டி பணக்காரர் வீட்டுச் சாமான். இறக்குமதியான செட்டுக்கு நூற்றுக்கணக்கில் ரூபாய் வேண்டும். அதற்கு மேல் தபாலாபீசில் லைசென்ஸ் பணமும் கட்ட வேண்டும். யுத்தம் மூண்டதும் இறக்குமதியும் குறைந்தது.

இந்தச் சமயத்தில், 1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்ய முடியும் என்று நாயுடு அறிவித்தார். ஐந்து வால்வு என்பது குறைந்த தரத்துச் செட் அல்ல. அக்காலத்து வீட்டு ரேடியோக்களில் நல்ல செட்டுக்கு அதுவே அளவு. ஒரு சாதாரணக் குமாஸ்தாவும் வாங்கக்கூடிய விலையில் அதைக் கொடுப்பது அவர் நோக்கம்.

ஐந்து வால்வுகளுக்கும் என்ன வேலை என்பதைத் தெரிந்துகொண்டால் அந்த அறிவிப்பின் பெருமை விளங்கும். வால்வு என்பது காற்றை நீக்கிய கண்ணாடிக் குமிழ். உள்ளே ஒரு இழை சூடாகி எலெக்ட்ரான்களை வெளியே விடுகிறது. எதிரே உள்ள தகடு அவற்றை இழுக்கிறது. நடுவே ஒரு கம்பி வலை இருக்கிறது. வாய்க்கால் மடையில் பலகையைச் சற்றே ஏற்றி இறக்கினால் பெருந்தண்ணீர் கூடவும் குறையவும் செய்கிறதல்லவா? அதுபோல் வலையில் தோன்றும் மிகச் சிறிய மின்சார மாற்றம், தகட்டுக்குப் போகும் பெரிய ஓட்டத்தை ஆட்டி வைக்கிறது. சின்னஞ்சிறு சப்தம் பெரிய சப்தமாவது இப்படித்தான்.

முதல் வால்வு, வானத்தில் வரும் பல நிலையங்களின் அலைகளில் வேண்டியதை ஒரு குறிப்பிட்ட அதிர்வு எண்ணுக்கு மாற்றுகிறது. இரண்டாவது வால்வு அதைப் பெருக்குகிறது. மூன்றாவது, அலையிலிருந்து பேச்சையும் பாட்டையும் பிரித்து எடுத்து ஒரு முறை பெருக்குகிறது. நான்காவது, ஸ்பீக்கரை ஆட்டும் அளவுக்குப் பலம் கொடுக்கிறது. ஐந்தாவது, வீட்டு ஏ.சி. மின்சாரத்தை மற்ற வால்வுகளுக்கு வேண்டிய டி.சி.யாக மாற்றுகிறது. இவற்றோடு டிரான்ஸ்பார்மர், கண்டென்ஸர், ரெஸிஸ்டர், ஸ்பீக்கர், மரப்பெட்டி எல்லாம் சேர்ந்து எழுபது ரூபாய்!

அமெரிக்க ரேடியோக் கடைக்காரர்

ஏறக்குறைய இதே காலத்தில் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து புல்லர்ட்டன் என்ற ஊரில் ஒருவர் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் லியோ பெண்டர். 1909-ல் பிறந்தவர். கணக்குப் படித்தவர். 1938-ல் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடை திறந்தார். சங்கீத வித்வான்கள் தங்கள் ஆம்ப்ளிபயர்களை ரிப்பேருக்குக் கொண்டுவந்தார்கள். ரேடியோவின் பின்பாதியில் உள்ள அதே வால்வுகள்தான் ஆம்ப்ளிபயரிலும். பெண்டர் பழுது பார்த்தார். பிறகு தாமே ஆம்ப்ளிபயர் செய்தார். பிறகு எலெக்ட்ரிக் கிதாரும் செய்தார். 1950-ல் அவர் வெளியிட்ட கிதார்தான் பிற்பாடு டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்று உலகெங்கும் பரவியது.

வேடிக்கை என்னவென்றால், பெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. ரிப்பேர்க்காரரின் கண்ணோடுதான் கிதாரைப் பார்த்தார். பழைய கிதாரில் கழுத்துக் கோணினால் தச்சரிடம் போக வேண்டும். பெண்டர் கழுத்தை நான்கு திருகாணிகளால் பூட்டினார். கெட்டுப்போனால் கழற்றி வேறு மாட்டலாம். தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப் என்ற உறுப்பும் எளிமையானது: காந்தம், அதைச் சுற்றித் தலைமயிர் போன்ற மெல்லிய செப்புக் கம்பி. கம்பியின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. சுற்றுகளோ ஏழாயிரம் எட்டாயிரம். பீளமேட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றிய தொழிலாளிக்கு அது புரியாத வித்தை அல்ல. காந்தமும் செப்புக் கம்பியும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

புல்லர்ட்டன் கடைக்காரர் தம் தொழிலை 1965-ல் 130 லட்சம் டாலருக்கு விற்றார். கோவைக்காரரின் எழுபது ரூபாய் ரேடியோ வீட்டுக்கு வீடு வந்து சேரவில்லை. கைத்திறனில் இவர் அவருக்குக் குறைந்தவரா? இல்லை. அப்படியானால் எங்கே இடறியது? நாயுடுவின் பிற்கால வாழ்க்கை முழுவதிலும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது.

திருப்புளி எடுப்போருக்கு

நாயுடுவைப் போல் பிரித்துப் பார்க்க ஆசைப்படும் வாலிபர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழைய வால்வு ரேடியோவைத் தேடிப் பிடிப்பவர்களும், வால்வு ஆம்ப்ளிபயரின் இனிமைக்காகவே கிதார் ஆம்ப்ளிபயரைச் சொந்தமாகச் செய்பவர்களும் உண்டு. ஆசை நல்லது, ஆனால் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

வால்வுகளுக்கு 250 வோல்ட், 300 வோல்ட் டி.சி. மின்சாரம் போகிறது. சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்ஸர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். அது ஆளைக் கொல்லக்கூடியது. தகுந்த ரெஸிஸ்டர் ஒன்றின் வழியாக அதை வடியவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். டிரான்ஸ்பார்மர் இல்லாத பழைய ஏ.சி. - டி.சி. ரேடியோக்களில் இரும்புச் சட்டத்திலேயே வீட்டு மின்சாரம் இருக்கலாம். பழக்கம் இல்லாதவர்கள் அதைத் தொடவே கூடாது.

ஆம்ப்ளிபயரின் எர்த் கம்பியை எக்காரணத்துக்காகவும் அறுக்கக் கூடாது. பியூஸ் போனால் அதே அளவுள்ள பியூஸையே போட வேண்டும். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிபயரை ஓட விட்டால் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகும். இடைவிடாமல் உறுமல் கேட்டால் மின்சாரத்தைச் சீராக்கும் கண்டென்ஸர் உலர்ந்திருக்கலாம். பொத்தானைத் திருப்பும்போது கரகரத்தால் அதனுள் தூசி சேர்ந்திருக்கும். கிதார் சப்தம் விட்டு விட்டு வந்தால், எதையும் பிரிக்கும் முன் வேறு ஒரு வயரை மாட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம். பாதிக் குறை வயரில்தான் இருக்கும்.

கிதாரின் சுருதி கட்டைக்குக் கட்டை விலகினால் அதற்கும் வழி உண்டு. பன்னிரண்டாவது கட்டைக்கு நேரே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டினால் ஒரு ஸ்வரம் வரும். அதே கட்டையில் அழுத்தி மீட்டினாலும் அதே ஸ்வரம் வர வேண்டும். அழுத்தும்போது சுருதி கூடினால், அடியில் தந்தியைத் தாங்கும் குதிரையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ள வேண்டும். குறைந்தால் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். கழுத்தின் உள்ளே உள்ள இரும்புக் கம்பியைத் திருப்ப நேர்ந்தால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கழற்றுவதற்கு முன்பு படம் வரைந்துகொள்ள வேண்டும். கழற்றிய வரிசையிலேயே திருகாணிகளைத் தனித்தனிக் கிண்ணத்தில் போட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எதனால் குணமாயிற்று, எதனால் கெட்டது என்று தெரியாது.

தேசம் சுற்றியவர்

நாயுடு பல முறை வெளிநாட்டுப் பிரயாணம் செய்தார். போகும் இடமெல்லாம் பட்டறைகளையும் தொழிற்சாலைகளையும் பார்த்தார். காமிராவும் கையுமாகத் திரிவது அவருக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு. 1936-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலம் லண்டனில் நடந்தபோது, கூட்டத்தில் நின்று அதைப் படம் பிடித்தார். காந்திஜி, நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோரையும் அவர் காமிரா பதிவு செய்திருக்கிறது. ஜெர்மனியில் ஹிட்லரைக்கூடப் படம் எடுத்தார். காமிராவில் தூரத்தைச் சரிப்படுத்தும் கருவி ஒன்றையும் தாமே செய்தார்.

மின்கலத்தில் ஓடும் சிறிய மோட்டார் வைத்த ரேசண்ட் என்ற சவரக் கருவி அவருடைய கண்டுபிடிப்புகளில் பிரசித்தமானது. மிக மெல்லிய சவர பிளேடு, பழரசம் பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு யந்திரம் ஆகியவையும் அவர் செய்தவையே. மின்சாரம் எட்டாத கிராமங்கள் மலிந்திருந்த காலத்தில் மண்ணெண்ணெய் விசிறியைப் பற்றி யோசித்தவர் ஏழை வீட்டை மறக்காதவர் என்பதில் சந்தேகம் இல்லை.

கல்லூரியும் கருத்து வேற்றுமையும்

1944-ல் மோட்டார்த் தொழிலின் நேரடி நிர்வாகத்திலிருந்து நாயுடு ஒதுங்கிக்கொண்டார். தர்ம காரியங்களிலும் தொழிற்கல்வியிலும் கவனம் செலுத்தினார். அப்போது சென்னை மாகாணக் கவர்னராக இருந்தவர் சர் ஆர்தர் ஹோப். நாயுடுவின் நன்கொடையினால் 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் என்ஜினீயரிங் கல்லூரியும் ஏற்பட்டன. பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய பையன் கல்லூரியின் பிரின்ஸ்பாலானார்.

ஆனால் பழைய பகை மறையவில்லை. என்ஜினீயராவதற்கு நான்கு ஆண்டு எதற்கு என்பது அவர் வாதம். கையால் வேலை செய்து கற்றால் மிகக் குறைந்த காலம் போதும் என்று அவர் நம்பினார். சர்க்கார் இதை ஏற்கவில்லை. கருத்து வேற்றுமை முற்றி, நாயுடு பதவியிலிருந்து விலகினார். அந்தக் கல்லூரி பின்னர் சர்க்கார் கல்லூரியாக வளர்ந்தது. தடாகம் ரோட்டில் இருக்கும் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியின் பூர்வ கதை இதுதான்.

நாயுடு சொன்னது முழுவதும் சரி என்று சொல்ல முடியாது. பாலம் கட்டுகிறவனுக்குக் கணக்குத் தெரிய வேண்டும். கணக்கு பட்டறையில் மட்டும் வந்துவிடாது. ஆனால் பட்டம் வாங்கிய என்ஜினீயர் ஒரு மோட்டாரைக் கழற்றிப் பூட்டத் திணறினால் அந்தப் படிப்பில் குறை உண்டு என்று அவர் நினைத்தது நியாயமே.

இரண்டாயிரம் ரூபாய் கார்

1952-ல் இருவர் உட்காரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை நாயுடு செய்தார். விலை இரண்டாயிரம் ரூபாய். பெருவாரியாக உற்பத்தி செய்ய லைசென்ஸ் வேண்டும். சர்க்கார் லைசென்ஸ் தர மறுத்தது. கார் நின்றுபோயிற்று.

அவருக்கு ஆத்திரம் வந்தது. வரிகளும் லைசென்ஸ் முறையும் உழைப்பவனின் கையைக் கட்டிப்போடுகின்றன என்பது அவர் அபிப்பிராயம். தாம் அருமையாகச் செய்த சாமான்களைப் பொதுஜனங்கள் முன்னிலையில் தாமே உடைத்துத் தம் எதிர்ப்பைக் காட்டினார். பெற்ற பிள்ளையை அடிப்பது போன்ற காரியம் அது.

நல்ல யந்திரம் ஒன்றைச் செய்வது ஒரு வேலை. அதையே ஆயிரக்கணக்கில் செய்வதற்கு வேறு சங்கதிகள் வேண்டும்: மூலப் பொருள், முதலீடு, லைசென்ஸ், விற்பனைக் கடைகள், பொறுமை. முதலாவதில் நாயுடுவை மிஞ்ச ஆள் இல்லை. இரண்டாவதில் சர்க்கார் குறுக்கே நின்றது. அவருடைய பக்கமும் ஒரு குறை உண்டு. ஒன்று தடைப்பட்டால் அவர் மனம் அடுத்ததற்குத் தாவிவிடும். பெண்டர் தம் வாழ்நாளில் பெரும் பகுதியைக் கிதாரிலும் ஆம்ப்ளிபயரிலுமே செலவிட்டார். நாயுடுவோ மோட்டார், ரேடியோ, பிளேடு, கார், பருத்தி என்று எல்லாவற்றிலும் கை வைத்தார்.

பருத்தியும் பப்பாளியும்

விவசாயி மகன் மண்ணை மறப்பானா? போத்தனூர்ப் பண்ணையில் அவர் செய்த பரிசோதனைகளைப் பார்க்கப் பெரிய விஞ்ஞானிகள் வந்தார்கள். பத்து அடி உயரம் வளர்ந்த பருத்திச் செடியும், வகை வகையான பப்பாளியும் அவர் வளர்த்தவை. விஞ்ஞானி சர் சி. வி. ராமன் நாயுடுவின் திறமையை மெச்சியவர்களில் ஒருவர்.

1967-ல் இன்னொரு அதிசயம் செய்தார். அஸ்திவாரத்திலிருந்து ஆரம்பித்து ஒரு வீட்டைப் பதினோரு மணி நேரத்தில் கட்டி முடித்தார். எந்த வேலை எதற்குப் பின் வரவேண்டும், எந்தச் சாமான் எந்த நேரத்தில் கைக்கு வரவேண்டும் என்று முன்கூட்டியே திட்டமிட்டால் எதையும் விரைவில் முடிக்கலாம் என்று காட்டினார். பஸ்ஸை நேரத்துக்கு ஓட்டிய அதே புத்திதான் வீட்டையும் நேரத்துக்கு எழுப்பியது.

மறைந்தும் மறையாதவர்

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி ஜி. டி. நாயுடு காலமானார். அப்போது அவருக்கு எண்பது வயது.

கோவை அவிநாசி ரோட்டில் அவர் பெயரால் விளங்கும் காட்சிச்சாலையில் அவர் செய்தவையும் சேகரித்தவையுமான கருவிகளைக் காணலாம். பக்கத்திலேயே அவர் குடும்பத்தார் ஏற்படுத்திய பழங்கார்க் காட்சிச்சாலை 2015-ல் திறக்கப்பட்டது. 2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அதே அவிநாசி ரோட்டில் திறந்துவைத்த பத்துக் கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு அவர் பெயரைத் தமிழக அரசு சூட்டியது. ஒரே ஒரு பஸ்ஸில் ஆரம்பித்தவரின் பெயர் தாங்கிய பாலத்தின் மீது இப்போது நாள் முழுவதும் வண்டிகள் ஓடுகின்றன.

பள்ளி விடுமுறை நாளில் பிள்ளைகளை அந்தக் காட்சிச்சாலைக்கு அழைத்துப் போகலாம். திரும்பி வந்ததும் வீட்டில் உள்ள பழைய ரேடியோவின் மீது அவர்கள் கண் விழுந்தால், பெற்றோர் கோபித்துக்கொள்ள வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, திருகாணிகளைப் போட ஒரு கிண்ணத்தையும் எடுத்துக் கொடுத்தால் போதும்.